ஓனர் கரண்ட் பில் கட்டவில்லை, இருட்டில் உட்காருவது நாங்களா? வாடகை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதம் பிறந்ததும் வாடகையோடு சேர்த்து கரண்டுக்கும் தண்ணீருக்கும் ஓனர் கையில் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அவர் அதை உரிய இடத்தில் கட்டினாரா என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் நின்று போன பிறகுதான் விஷயம் தெரிகிறது. தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையில், இப்படி மாட்டிக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பெரிய தொகை, கோர்ட் என்று போகும் விவகாரமாக இருந்தால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். மற்றதற்கு இது போதும்.

கரண்ட் பில்லை வாடகைக்கு இருப்பவர்தானே கட்டுகிறார்? இதில் ஓனர் கட்டாமல் விடுவது எங்கே வருகிறது?

தனி மீட்டர் உள்ள வீட்டில் இந்தத் தலைவலி குறைவு. சர்வீஸ் நம்பர் ஓனர் பெயரில் இருந்தாலும் பில்லை நீங்களே ஃபோனில் கட்டிவிடுவீர்கள். சிக்கல் வருவது வேறு இடங்களில். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே ஈ.பி. மீட்டர், உள்ளே சப் மீட்டர் என்றால் வசூல் ஓனர் கையில். மோட்டார், மாடிப்படி விளக்கு இரண்டுக்கும் காமன் மீட்டர் தனியாக இருக்கும். அதன் பில்லை யாரும் பார்ப்பதே இல்லை. மேன்ஷன், பேயிங் கெஸ்ட், ‘கரண்ட் உள்பட வாடகை’ என்று பேசிய இடங்கள் எல்லாம் இதே வகைதான். அப்புறம் குடிநீர் வரி, சொத்து வரி, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ். இவை எல்லாமே ஓனர் பெயரில் ஓடுபவை.

ஓனர் கட்டினாரா என்பதை அவரைக் கேட்காமலே பார்க்க முடியுமா?

முடியும். சர்வீஸ் நம்பர் ஒன்று போதும். மீட்டர் போர்டின் மேல் பெயின்டால் எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் பழைய வெள்ளை அட்டையில் இருக்கும். அதை மின்வாரிய இணையதளத்திலோ ஜிபே, ஃபோன்பே போன்ற செயலிகளிலோ போட்டால் பாக்கி எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்பது வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஓனரின் அனுமதி தேவையில்லை.

ரீடிங் எடுத்ததும் வரும் எஸ்.எம்.எஸ். பதிவு செய்த நம்பருக்குத்தான் போகும். அது பெரும்பாலும் ஓனருடைய நம்பர். அம்பத்தூரில் இருக்கும் உங்களுக்கு வர வேண்டிய எச்சரிக்கை திருநெல்வேலியில் இருக்கும் அவர் ஃபோனில் படிக்காமல் கிடக்கும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நீங்களே எட்டிப் பார்த்துவிடுங்கள்.

கெடு தாண்டினால் எத்தனை நாளில் கரண்டைத் துண்டிப்பார்கள்?

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, 15 முழு நாள் எழுத்துபூர்வமாக அவகாசம் தந்த பிறகுதான் துண்டிக்கலாம் என்கிறது. ‘அப்படி எந்த நோட்டீஸும் வரவில்லையே’ என்பீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கணக்கு ஓடுகிறது. ரீடிங்கின்போது பதிவாகும் தொகையையே அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தனியாக ஓலை ஏதும் வீடு தேடி வராது.

இருபதாம் நாள் தாண்டிய மறுநாளே வந்துவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. அது அந்தந்த செக்‌ஷன் ஆபீஸின் ஆள் பலத்தைப் பொறுத்தது. சில தெருக்களில் ஒரு வாரம் ஓடும், சில தெருக்களில் மறுநாள் காலையே ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிவிடுவார்கள்.

லைன்மேன் வந்து நிற்கிறார். ‘நான் வாடகைக்கு இருப்பவன், ஓனரிடம் கேளுங்கள்’ என்று சொன்னால் விடுவாரா?

விடமாட்டார். அவர் கையில் இருப்பது சர்வீஸ் நம்பர் பட்டியல். அதில் நீங்களும் இல்லை, உங்கள் நியாயமும் இல்லை. அவரிடம் சண்டை போடுவதில் பயனும் இல்லை. அந்த நிமிடமே ஃபோனில் கட்டி, ரசீதைக் காட்டினால் பெரும்பாலும் பிடுங்காமல் போய்விடுவார். பிடுங்கிய பிறகு கட்டினால், செக்‌ஷன் ஆபீஸுக்குத் தகவல் சொல்லி இணைப்பைத் திரும்பப் பெற வேண்டும். மறு இணைப்புக் கட்டணமும் சேரும். 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியத்தின் புகார் மையம்) எண்ணில் எந்த நேரமும் பதிவு செய்யலாம்.

சரி, நானே கட்டிவிட்டேன். அந்தப் பணத்தை வாடகையில் கழிக்கலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கழிக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. அதுவும் இன்று நேற்றல்ல, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவு என்ன சொல்கிறது? இன்னொருவர் சட்டப்படி கட்ட வேண்டிய பணம், அது கட்டப்படுவதில் உங்களுக்கும் நலன் இருக்கிறது, அதனால் நீங்கள் கட்டினீர்கள் என்றால், அவர் அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். இதற்குச் சட்டப் புத்தகத்திலேயே உள்ள உதாரணம் ஒரு குத்தகைதாரர்தான். வங்காளத்தில் ஒரு ஜமீன்தார் அரசுக்கு வரி கட்டவில்லை. நிலம் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் போனால் குத்தகையும் போய்விடும். குத்தகைக்காரர் ஓடிப்போய் வரியைக் கட்டுகிறார். ஜமீன்தார் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஜமீன்தார் இடத்தில் உங்கள் ஓனரையும், ஏலத்துக்குப் பதில் லைன்மேனையும் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு. அதில் ஓர் உட்பிரிவு, ஓனர் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டு, அந்தத் தொகையைக் குடியிருப்பவரிடமோ சொத்தின் மீதோ வசூலிக்க முடியும் என்றால், குடியிருப்பவர் கட்டிவிட்டு வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். சொத்து வரி, குடிநீர் வரி போன்றவற்றுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கரண்ட் பாக்கிக்கு 69-வது பிரிவை முன்னால் வைப்பது இன்னும் பலம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஒரு நிபந்தனை. சொல்லாமல் கழிக்காதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்ல 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஓனருக்கு இடம் கொடுக்கிறது. நீங்கள் ‘பில்லுக்குக் கழித்தேன்’ என்பதை அவர் ‘வாடகை தரவில்லை’ என்று மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆத்திரத்தில் முழு வாடகையையும் நிறுத்துவது அதைவிட மோசம். கட்டிய தொகையை மட்டும் கழியுங்கள், மீதியைத் தேதி தவறாமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

எப்படிச் சொல்வது? வக்கீல் நோட்டீஸ் வேண்டுமா?

முதல் முறைக்கு வாட்ஸ்அப் போதும். மரியாதையாக, ஆனால் தேதியும் தொகையும் தெளிவாக இருக்க வேண்டும். இப்படி:

“வணக்கம் சார். நம்ம வீட்டு மீட்டருக்கு இந்தத் தடவை பில் 2,880 ரூபாய் பாக்கி காட்டுகிறது. நாளை மறுநாள் கடைசி நாள். எங்கள் மூன்று போர்ஷன் கரண்ட் பணமும் 5-ஆம் தேதியே உங்களுக்கு அனுப்பியாகிவிட்டது, ஸ்க்ரீன்ஷாட் கீழே இருக்கிறது. நாளை மாலைக்குள் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் நான் கட்டிவிட்டு, அந்தத் தொகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்கிறேன் சார்.”

‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் வந்தால் அதுவே உங்கள் ஆதாரம். பதிலே வராவிட்டால் கட்டிய ரசீதையும் அதே இடத்தில் போட்டுவிடுங்கள். ஃபோனில் பேசியதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாவது முறையும் இதே கதை என்றால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்.

ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குகிறார். அந்தப் பணத்தையும் வாரியத்தில் கட்டுவதில்லை. இது என்ன கணக்கு?

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் அடுக்கே காணாமல் போய், 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. 501-லிருந்து 600 வரை 8.40. 499-இல் நிற்பவருக்கும் 501-இல் நிற்பவருக்கும் இருநூற்றைம்பது ரூபாய் அளவுக்கு வித்தியாசம் வருவது இதனால்தான்.

மூன்று போர்ஷன், ஆளுக்கு 200 யூனிட், ஒரே மீட்டர். மொத்தம் 600 யூனிட். வாரியத்துக்குப் போக வேண்டியது 1,410 கூட்டல் 630 கூட்டல் 840, ஆக 2,880 ரூபாய். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஓனர் வசூலிப்பது 4,800. பத்து ரூபாய் என்றால் 6,000. மூவருக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு வெறும் 235 ரூபாய்தான்! இலவச 100 யூனிட்டும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தடவைதான் கிடைக்கிறது என்பதை யாரும் வாடகை பேசும்போது சொல்வதில்லை.

‘மோட்டார், வாசல் லைட் எல்லாம் இருக்கே’ என்பார் ஓனர். இருக்கட்டும், அதையும் சேர்த்தே பில்லைக் காட்டச் சொல்லுங்கள். நான் பரிந்துரைப்பது, மூன்று குடித்தனமும் பேசி வைத்துக்கொண்டு, மெயின் பில்லை முறை வைத்து நேராக வாரியத்தில் கட்டிவிட்டு, சப் மீட்டர் ரீடிங் விகிதத்தில் உங்களுக்குள் பிரித்துக்கொள்வது. ஓனருக்கு ரசீது போய்விடும். முகம் சுளிப்பார்தான். ஆனால் இடையில் அவர் கை வழியாகப் பணம் போகாததால், கட்டாமல் விட வழியே இருக்காது.

பாக்கி எங்கள் காலத்தது இல்லை, முன்பு குடியிருந்தவருடையது. அதையும் நாங்கள் கட்ட வேண்டுமா?

உங்களுக்கும் ஓனருக்கும் நடுவில் பார்த்தால், வேண்டியதில்லை. அது ஓனர் பாடு, முந்தைய குடித்தனக்காரரின் அட்வான்ஸில் அவர் பிடித்திருக்க வேண்டியது. வாரியம் அப்படிப் பார்க்காது. அதற்கு இணைப்பும் இடமும்தான் கணக்கு. பழைய உரிமையாளரின் பாக்கியைத் தீர்த்தால்தான் புதிதாக வாங்கியவருக்கு இணைப்பு என்று விதி இருந்தால் அது செல்லும் என்று 2023 மே மாதம் கேரள மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் சாவி வாங்கும் அன்றே சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பாக்கி பூஜ்ஜியம் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மீட்டரையும் ஒரு ஃபோட்டோ.

எங்களைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றே பில் கட்டாமல் விடுகிறார். என்ன செய்வது?

இது வேறு வகை, இதற்குச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன் 20-வது பிரிவுப்படி, தகுந்த காரணம் இல்லாமல் குடியிருப்பவரின் அத்தியாவசிய வசதிகளை ஓனரோ அவருடைய மேலாளரோ துண்டிக்கவும் கூடாது, நிறுத்தி வைக்கவும் கூடாது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவு எல்லாம் இதில் அடங்கும். வாடகை அதிகார அமைப்பிடம், அதாவது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம், மனு கொடுத்தால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

‘நான் வயரை அறுக்கவில்லையே, ஈ.பி.காரன்தானே பிடுங்கினான்’ என்று ஓனர் தப்பிக்கப் பார்ப்பார். உங்களிடம் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு கட்டாமல் விடுவதும் நிறுத்தி வைப்பதுதான் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்த ஆதாரம் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

மனு, விசாரணை என்றால் நாள் பிடிக்கும். வீட்டில் கைக்குழந்தையோ, நெபுலைசர் வைத்திருக்கும் பெரியவரோ இருந்தால் முதலில் பில்லைக் கட்டி வெளிச்சத்தைக் கொண்டுவாருங்கள். மனுவை மறுநாள் கொடுக்கலாம். கட்டியதால் உங்கள் வழக்கு பலவீனமாகாது, கட்டிய தொகையும் கோரிக்கையில் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் ஒப்பந்தம் பத்திரத்தில் எழுதியதோடு சரி, பதிவு செய்யவில்லை.

சென்னையில் பாதிப் பேர் கதை இதுதான் போலிருக்கிறது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பதிவு எண் இல்லாமல் மனுவோடு போனால் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவுக்கு இந்தப் பதிவு எல்லாம் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல்.

எங்கள் பெயரிலேயே தனி இணைப்பு வாங்க முடியுமா? ஓனர் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தரமாட்டேன் என்கிறார்.

முடியும். மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளர் ‘அல்லது’ குடியிருப்பவர் கேட்டால் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. ஓனர் ஒப்புதல் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டு விதியில் இதற்கு வழியும் இருக்கிறது. ஓனர் கையெழுத்துப் போட்டால் ஐந்தாம் எண் படிவம். மறுத்தாலோ ஆளே கிடைக்காவிட்டாலோ, நீங்கள் முறையாகக் குடியிருப்பதற்கான ஆதாரமும், ஆறாம் எண் படிவத்தில் உறுதிப் பத்திரமும் கொடுக்க வேண்டும். காப்புத் தொகை இரண்டு மடங்கு. உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் முதல் நாளே ‘ஓனர் என்.ஓ.சி. கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள். படிவ எண்ணைச் சொல்லிக் கேட்டால் பேச்சு மாறும். எழுத்தில் மறுத்தால் மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். பதினொரு மாதத்தில் காலி செய்யப் போகிறவருக்கு இந்த அலைச்சல் தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கடை வைத்திருப்பவருக்குத் தேவை.

ஃப்யூஸ் பிடுங்கிய இடத்தில் எலக்ட்ரீஷியனை வைத்து நாமே போட்டுக்கொண்டால்?

தொடவே தொடாதீர்கள். துண்டித்த இணைப்பை அனுமதியில்லாமல் சேர்ப்பது மின்சாரச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓனரே ‘நான் சொல்றேன், போட்டுக்கோங்க’ என்றாலும், சோதனை வரும்போது வீட்டில் இருப்பது நீங்கள்தான்.

குடிநீர் வரி, சொத்து வரி கட்டாவிட்டால் எங்களைப் பாதிக்குமா?

உடனே பாதிக்காது. இரண்டும் அரையாண்டுக் கணக்கு, இரண்டும் ஓனர் பொறுப்பு. ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் பெரிய பாக்கிதாரர்களின் கழிவுநீர் இணைப்பை மெட்ரோ வாட்டர் துண்டித்திருக்கிறது. கடைகள் விஷயத்தில் மாநகராட்சி சொத்து வரிக்காகச் சீல் வைக்கவும் செய்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு வாடகைக்காரருடையது. ஆகவே கடை எடுப்பவர்கள் வரி ரசீதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. லாரித் தண்ணீர், கேஸ், இன்டர்நெட் எல்லாம் பொதுவாக உங்கள் பெயரிலேயே இருப்பதால் இங்கே பேச ஒன்றுமில்லை.

ஃப்ளாட் ஓனர் மெயின்டனன்ஸ் கட்டவில்லை என்று அசோசியேஷன் தண்ணீரை நிறுத்தப் போகிறதாம்.

அசோசியேஷனின் கோபம் நியாயமானது, பிடிக்கும் ஆள் தவறு. பாக்கி ஃப்ளாட் உரிமையாளருடையது, அவரிடம் வசூலிக்க வேறு வழிகள் உண்டு. குடியிருப்பவரின் குழாயை மூடுவது அதில் ஒன்றல்ல. செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், ஓனருக்கும் ஒரு நகல். வாய்மொழி மிரட்டல்கள் எழுத்துக்கு வரும்போது பெரும்பாலும் சுருங்கிவிடும். இனிவரும் மாதங்களுக்கு மெயின்டனன்ஸை நேராக அசோசியேஷனில் கட்டி, வாடகையில் கழிப்பதாக ஓனரிடம் பேசி எழுதி வாங்கிவிட்டால் இரு பக்கமும் அமைதி.

பில்லில் திடீரென்று கூடுதல் காப்புத் தொகை என்று சேர்ந்து வந்திருக்கிறது. யார் கட்டுவது?

ஓனர். அது செலவு இல்லை, டெபாசிட். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் நிற்கும், ஒரு நாள் அவருக்கே திரும்பும். அவசரத்துக்கு நீங்கள் கட்டினாலும் கழித்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இதையும் யூனிட் கட்டணம் என்று நினைத்துக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஓனர் இறந்துவிட்டார், பிள்ளைகளுக்குள் பாகப் பிரச்சினை. பில்லை யாருமே கட்டுவதில்லை.

நீங்களே கட்டிக்கொண்டு வாருங்கள். வாடகை யாரிடம் போக வேண்டும் என்பதே குழப்பம் என்றால், சட்டப்படி அதை வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்த வழியுண்டு. ஒரு மகன் வந்து ‘என்கிட்ட கொடுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்றால், மற்ற வாரிசுகளின் ஒப்புதலை எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாடகையை இரண்டு பேருக்குக் கொடுக்க நேரிடும்.

காலி செய்கிறோம். நாங்கள் கட்டிய பில் தொகையை ஓனர் அட்வான்ஸோடு திருப்பித் தர மறுத்தால்?

கடைசி மாத வாடகையிலேயே கழித்துவிட்டால் இந்தக் கேள்வி எழாது. கழிக்கவில்லை என்றால் மொத்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ரசீதுகளை இணைத்து, சாவி கொடுப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி ரீடிங்கை அவரை நேரில் வைத்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்து, அதுவரைக்குமான தொகையைக் கட்டிவிட்டு, சாவியை ஒப்படைத்ததற்கு அவரிடம் இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.